‘நல்லா இருந்துச்சு’ என்று சொன்ன பிறகு

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “நல்லா இருந்துச்சு” என்பார். படித்தவரும் அதைத்தான் சொல்வார், நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடியவரும் அதைத்தான் சொல்வார். கேட்டவர் மனம் நோகக் கூடாது, படிக்கவில்லை என்று தெரியவும் கூடாது. சாமி புத்தகமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். தேவாரமோ வேதாகமமோ நன்றாக இல்லை என்று யார் வாயைத் திறந்து சொல்வார்கள்?

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். வாசகர்கள் சொல்வதை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. நோட்டை வாசகர் கையிலேயே கொடுத்துவிட்டால் வேலை சுலபம்தான். ‘மிக அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும்’ என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த வருடம் எதை வாங்கச் சொல்லலாம், யாருக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்க்கும்போது அந்த வரி ஒன்றுக்கும் உதவாது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் புத்தகங்களும் ஒரு ரகமானவை அல்ல. வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, நடுவில் காயாரோகணர் கோயில், கொஞ்சம் தள்ளிப் போனால் தரங்கம்பாடி. பெரியவர் ஒருவர் காலமாகி வீட்டை ஒழிக்கும்போது பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நன்கொடையாகக் கொடுப்பார்கள். அந்த மூட்டையைப் பிரித்தால் திருவாசகம் இருக்கும், சோழர் வரலாறு இருக்கும், மாஸ்கோவில் அச்சான குழந்தைக் கதை ஒன்று இருக்கும், அதற்குள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருக்கும். இவ்வளவையும் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டு என்ன பதில் வாங்குவது?

நான் இப்போது முதலில் கேட்பது “எதுவரைக்கும் வந்தீங்க?” என்பதுதான். “முடிச்சிட்டீங்களா?” என்றால் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது, பொய் சொல்லத் தோன்றும். “எதுவரைக்கும்” என்றால் எந்தப் பக்கத்தையும் கூச்சமில்லாமல் சொல்லலாம். அப்புறம் “ஏன் அங்கே நின்னீங்க?” கடைசியாக, “இதை இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா யாருக்குக் கொடுப்பீங்க?” இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மையான விமர்சனம் ஒளிந்திருக்கும். “எங்க மாமனாருக்குக் கொடுக்கலாம், அவருக்குத்தான் பொழுது போகாது” என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

பக்தி நூல்களைப் பற்றி வாசகர்கள் மனம் விட்டுப் பேசினால், பேச்சு பெரும்பாலும் அச்சைப் பற்றியே இருக்கும். இதை லேசாக நினைக்க வேண்டாம். திருவாசகத்தை வாரம் தவறாமல் முற்றோதலுக்குக் கொண்டுபோகும் பாட்டி ஒருவர் இருக்கிறார். 51 பதிகமும் அவருக்கு மனப்பாடம். புத்தகம் எதற்கு என்றால் நடுவில் ஒரு அடி தவறினால் பார்த்துக்கொள்ள. அவருக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், விரித்து வைத்தால் விரித்தபடி கிடக்க வேண்டும், பாட்டு முதற்குறிப்பு இருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டிய புதுப் பதிப்பு ஒன்றை ஆசையாக எடுத்துக் கொடுத்தோம். மறுவாரமே கொண்டுவந்து வைத்துவிட்டார். “ரெண்டு கையாலயும் புத்தகத்தைப் பிடிச்சிக்கிட்டா தாளம் யாரும்மா போடுறது?” என்றார். தையல் போட்ட பைண்டிங்கா, ஒட்டியதா என்று நான் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பாராயணத்துக்குப் போகும் நூல் என்றால் அதுதான் முதல் தகுதி, உரையாசிரியர் யார் என்பதெல்லாம் அப்புறம்.

இதே திருவாசகத்தில் இன்னொரு தகராறு உண்டு, சந்தி பிரித்ததா பிரிக்காததா என்று. பாட்டிக்குச் சந்தி பிரித்து அச்சிட்டால் பிடிக்காது. ஓசை உடைகிறது, பாடும்போது கண்ணும் வாயும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்பார். தமிழ் எம்.ஏ. படிக்கும் பெண்ணுக்குப் பிரித்த பதிப்பு இல்லாவிட்டால் ஒரு பாட்டு நகராது. இரண்டு கருத்தையும் நோட்டில் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறேன், எது சரி என்று எழுதவில்லை. இந்த வழக்கு எங்கள் நூலகத்தில் தொடங்கியதும் அல்ல. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களையும் மற்ற இலக்கியங்களையும் சந்தி பிரித்து மலிவு விலைப் பதிப்புகளாகக் கொண்டுவந்தார். சாதாரண வாசகர் பழைய இலக்கியத்தைத் தைரியமாகக் கையில் எடுக்க அவை பெரிய உதவி. பாடுகிறவர் தேவை வேறு, படிக்கிறவர் தேவை வேறு. பட்ஜெட் இடம் கொடுத்தால் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி கேளுங்கள். இடம் கொடுக்காவிட்டால், உங்கள் ஊரில் யார் அதிகம் என்று பார்த்து ஒன்றைக் கேளுங்கள்.

வேதாகமத்திலும் இதே கதைதான். தரங்கம்பாடிப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்புதான் வேதம். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த வாசகம், அதை மாற்றினால் ஜெபம் பண்ணவே வராது என்கிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கத்தோலிக்க வாசகர்கள் எடுக்கிறார்கள். அவர்களோடு, கிறித்தவர் அல்லாத கல்லூரிப் பிள்ளைகளும் அதையே எடுக்கிறார்கள். இன்றைய உரைநடையில் இருக்கிறது, முன்னுரையும் குறிப்பும் இருக்கிறது, யார் எவர் என்று விளங்குகிறது. ‘எது நல்ல மொழிபெயர்ப்பு?’ என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ‘எதுக்காக எடுத்தீங்க?’ என்று கேட்டால் இருவரும் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

குர்ஆன் தமிழாக்கம் பற்றி வந்த கருத்து வேறு மாதிரி. “உள்ளே இருக்கிறதைப் பத்தி நான் என்ன சொல்றது அக்கா, வெச்சிருக்கிற இடத்தைப் பத்திச் சொல்றேன்” என்றார் நாகூரிலிருந்து வரும் ஒரு பாய். கீழ்த்தட்டில், குனிந்து எடுக்கிற உயரத்தில், வருகிறவர் போகிறவர் கால் படும் இடத்தில் இருந்தது. வரிசை எண்படி அங்கேதான் வரும் என்று நூலகர் விளக்கினார், அதுவும் நியாயம்தான். கடைசியில் எல்லா மத மூல நூல்களையும் அந்த அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, வரிசை அங்கிருந்து தொடங்கும்படி மாற்றிக்கொண்டோம். செலவில்லாத வேலை. ஆனால் ‘நூல் எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு இந்தப் பதில் ஒருநாளும் வந்திருக்காது.

பக்தி நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த கருத்துகள், அந்த மதத்துக்கு வெளியே இருந்து படிக்கிறவர்கள் சொல்பவை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் சீறாப்புராணத்தை எடுத்துப் போனார். உமறுப்புலவர் பாடியது, 5027 பாட்டு, மூன்று காண்டம். அவர் நாட்டுப் படலத்திலேயே ரொம்ப நாள் தங்கிவிட்டார். அரபு நாட்டைப் பாட வந்த புலவர் வயலும் வரப்பும் உழவருமாக நம் தஞ்சாவூர்ப் பக்கத்தையே பாடி வைத்திருக்கிறாரே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வரலாற்றுப் பகுதிக்குள் நுழைந்ததும் அரபுப் பெயர்களிலும் சொற்களிலும் தடுக்கித் தடுக்கி நின்றுவிட்டார். அதே சமயம், நபியவர்களின் வரலாற்றைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு அம்மா அந்தப் பகுதியைத் தண்ணீர்பட்ட பாடாகப் படித்துவிட்டு, நாட்டுப் படலத்தை மட்டும் தாண்டிப் போயிருந்தார். “அந்த வர்ணனை எல்லாம் என்னன்னே புரியல.” ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கு அத்துப்படி. இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எதிரெதிரே உட்கார வைத்தோம். அவர் யாப்பையும் வர்ணனையையும் சொன்னார், இவர் ஆள்களையும் நிகழ்ச்சிகளையும் சொன்னார். பாதிக் கூட்டத்துக்கு மேல் நாங்கள் வாயே திறக்கவில்லை.

உ.வே.சாமிநாதையர் செய்ததும் இதைத்தானே? 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியை அவர் பக்கம் திருப்பிவிட்டபோது, சைவ நூல்களில் ஊறிய ஐயருக்குச் சமணம் தெரியாது. கும்பகோணத்துச் சமணர்கள் சிந்தாமணியைத் தங்கள் வீட்டில் மரியாதையோடு படித்து வருவது தெரிந்து அவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டார். 1887இல் பதிப்பு வந்தது. சுவடியில் இல்லாத விளக்கம் வாசகரிடம் இருந்தது. வாசகர் கருத்தைக் கேட்பது ஏதோ இந்தக் காலத்து வழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சரி, எல்லாக் கூட்டமும் இப்படி இனிமையாக முடிவதில்லை. மத நூல் என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் படிக்காமலே கருத்தோடு வருவார். அவரைத் தடுக்க நாங்கள் வைத்திருக்கும் ஒரே ஆயுதம் “எந்தப் பக்கம் சார்?” என்ற கேள்வி. புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, பக்கத்தைக் காட்டிப் பேசச் சொல்கிறோம். காட்டினால் அது கருத்து, நோட்டில் ஏறும், எவ்வளவு காரமாக இருந்தாலும். காட்டவில்லை என்றால் டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம், எழுத மாட்டோம். இந்த விதியை ஆள் பார்க்காமல் கடைப்பிடிப்பது முக்கியம். புகழ்ச்சிக்கும் அதே விதிதான். ‘உலகிலேயே சிறந்த நூல்’ என்றாலும் எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறோம்.

ஆய்வு நூல்களுக்கு வரும் ஒரே கருத்து ‘கஷ்டமா இருக்கு’. இதை அப்படியே எழுதி வைத்தால் அந்த நூலை அதன்பின் யாரும் தொட மாட்டார்கள். எது கஷ்டம் என்று கிளறிக் கேட்க வேண்டும். நடை கஷ்டமா? பெயர்கள் குழப்பமா? எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? கேட்டுப் பார்த்தால் கடைசிக் காரணம்தான் அதிகம். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ யாரையும் மிரட்டத்தான் செய்யும். 1930களில் ஆங்கிலத்தில் எழுதிய நூல், தமிழில் இரண்டு கனத்த பாகங்கள், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. நான் சொல்வது, பின்னால் போய்ப் பொருளடைவில் நம் ஊர்ப் பெயரைத் தேடுங்கள் என்பது. நாகப்பட்டினத்துக்காரர் ‘நாகப்பட்டினம்’ என்று தேடினால் சூடாமணி விகாரத்துக்குப் போவார். ஸ்ரீவிஜய அரசன் இங்கே கட்டிய புத்த விகாரம், அதற்கு ராஜராஜன் காலத்தில் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தது, அதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். அங்கிருந்து மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ நூலுக்குப் போகலாம். 1940இல் வந்தது, கைக்கு அடக்கமானது, ஊர் ஊராகப் பௌத்தத் தடங்களைச் சொல்வது. ‘கிறித்தவமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ என்று அவரே எழுதிய மற்ற இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். இந்த வழியாக உள்ளே போனவர்கள் யாரும் ‘கஷ்டம்’ என்று திரும்பி வந்ததில்லை. வந்தவர்கள் வேறு புகார்களோடு வந்தார்கள். நம் ஊரில் நின்ற இவ்வளவு பெரிய பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடித்துத் தள்ளும்போது ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நான்தான் இடித்தேன் என்பது போல.

அதனால் ஆய்வு நூல் வாங்கச் சொல்லும்போது பொருளடைவு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். தமிழில் நல்ல ஆய்வு நூல்கள் பல, பொருளடைவு இல்லாமலே வருவது பெரிய குறை. முந்நூறு பக்கம் எழுதியவருக்கு இன்னும் பத்துப் பக்கம் பாரமா? வரைபடம் இன்னொரு குறை. ராஜேந்திரனின் 1025 வாக்கிலான கடாரப் படையெடுப்பைப் படித்துவிட்டு வந்த மீனவ அண்ணன் ஒருவர், “எந்த மாசம் கிளம்புனாங்கன்னு போடலையே. காத்து எந்தப் பக்கம்னு தெரியாம இம்புட்டுக் கப்பலை எப்படி எடுத்தாங்க?” என்றார். கூட்டத்திலிருந்த பேராசிரியர் ஒருவர் பதில் தேடி மூன்று புத்தகங்களை எடுத்துப் போனார். இந்தக் கேள்வியை நோட்டில் ‘கருத்து’ என்ற பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். நூலில் என்ன இல்லை என்று சொல்வதும் கருத்துதான். அதைக் கடலுக்குப் போகிற வாசகர் சொல்லும்போது எடை அதிகம்.

தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளை இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். சிலபஸில் வருமா என்று மட்டும் பார்க்கிறார்களாம். எனக்கு அவர்கள் ரொம்ப உபயோகம். இரண்டு நூல்களை அக்கம் பக்கமாக வைத்து ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். ‘இதுல ஒரு வருஷம், அதுல ஒரு வருஷம், எதை எழுதறது?’ என்று வந்து நிற்பார்கள். எந்தப் பதிப்பில் அச்சுப்பிழை என்பது அப்படித்தான் பிடிபடுகிறது.

தொ.பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ எங்களிடம் ஓய்ந்து கிடந்ததே இல்லை. ஆய்வு நூல் என்ற பெயரைக் கேட்டாலே ஓடுகிறவர்களும் எடுத்துப் போவார்கள். உப்பு, எண்ணெய், உணவு என்று அவரவர் வீட்டில் இருக்கிற விஷயம். கட்டுரைகளும் சின்னச் சின்னவை, பஸ்ஸில் ஒன்று படித்து முடிக்கலாம். ‘எதுவரைக்கும் வந்தீங்க?’ என்ற கேள்விக்கு ‘நடுவுல நடுவுலதான் படிச்சேன்’ என்ற பதில் வந்தால் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இந்த நூலில்தான் தெரிந்தது. இதற்கு நேர்மாறு ‘என் சரித்திரம்’. அதை எடுத்தவர்கள் வரிசையாகப் படிப்பார்கள், கடைசிக்கு வந்து, “பின்னாடி பக்கம் கிழிஞ்சு போச்சு போல, பாருங்க” என்பார்கள். கிழியவில்லை. ஆனந்த விகடனில் தொடராக எழுதிக்கொண்டிருக்கும்போதே 1942இல் உ.வே.சா. காலமாகிவிட்டார், நூல் அப்படியே நிற்கிறது. இப்போது அட்டைக்கு உள்பக்கம் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வாசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே குழப்பம் இருந்தால், அதற்கு இரண்டு வரியில் சீட்டு எழுதி ஒட்டிவிடலாம். நோட்டை வைத்து நாங்கள் செய்த வேலைகளில் பைசா பெறாததும், ஆனால் மிகவும் பயன்பட்டதும் இதுதான்.

இனி குழந்தைப் புத்தகங்கள். இங்கே பெரிய சிக்கல், கருத்து சொல்கிறவர் வேறு, படிக்கிறவர் வேறு. அம்மா சொல்வார், அப்பா சொல்வார், டீச்சர் சொல்வார். எழுத்துப்பிழை இல்லை, நீதி இருக்கிறது, விலை அதிகம், படம் நன்றாக இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் நின்று அலமாரியின் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளையிடம் கேட்டால் அதுவும் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும். பெரியவர்களிடம் கற்ற மரியாதை.

ஆகவே பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, பார்க்க ஆரம்பித்தோம். படித்துக் காட்டும்போது எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து வருகிறார்கள், எப்போது பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறார்கள், எதைத் திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள். ஒரு கதையை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. அந்தப் பிள்ளை எதை விட்டுவிட்டுச் சொல்கிறதோ, அது கதைக்குத் தேவையில்லாதது. அநேகமாக நீதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பரமார்த்த குரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுவார்கள். ‘இதில் என்ன நீதி இருக்கிறது, திட்டுகிற சொற்கள்தான் பெயராக இருக்கிறது’ என்று ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். அந்தக் கருத்தும் நோட்டில் இருக்கிறது, அவருடைய கவலை நியாயமில்லாததும் அல்ல. ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மடையன் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் எண்ணும் இடத்தைப் படிக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். “தன்னை எண்ணல! தன்னை எண்ணல!” என்று கத்துவார்கள். ஐந்து பெரிய ஆள்களுக்குத் தெரியாதது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எங்கள் பிரதியில் குதிரை முட்டை வரும் பக்கங்கள் மட்டும் அழுக்காகி மெலிந்து போயிருக்கின்றன. குழந்தைப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல கருத்துப் பதிவேடு கிடையாது. திரும்பி வரும் புத்தகத்தைத் துடைப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் அழுக்கு என்று பாருங்கள்.

இந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர்தான் சூசையப்பரைப் பற்றி 3615 பாட்டில் தேம்பாவணி பாடியவர், 1732இல் சதுரகராதி தொகுத்தவரும் அவரே. எங்கள் நூலகத்தில் மத அலமாரி, அகராதித் தட்டு, குழந்தைகள் பகுதி என்று மூன்று இடத்திலும் அவர் இருக்கிறார். தேம்பாவணிக்கு வருடத்துக்கு ஓரிரு வாசகர்கள் வருவதே அபூர்வம். மட்டியையும் மடையனையும் தேடி வாராவாரம் வருகிறார்கள்.

தாத்தாக்கள் கொண்டுவந்து கொடுக்கும் சோவியத் குழந்தை நூல்கள் தனி விவகாரம். அவர்கள் காலத்தில் புத்தக வண்டியில் மலிவாக வாங்கியவை, வழவழப்பான தாள், அபாரமான படங்கள். தாத்தாவின் கருத்து வானளாவ இருக்கும். பேரனுக்குப் பனியும் கரடியும் பிடிக்கிறது, நீளமான பெயர்கள் பிடிக்கவில்லை. தாத்தா உட்கார்ந்து படித்துக் காட்டினால் கேட்கிறான், தனியாகக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். நோட்டில் ‘தாத்தாவோடு’ என்று ஒரு குறிப்பு போட்டுவிட்டேன். ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக் கதையான ‘டோட்டோ-சான்’ இதற்கு எதிர்ப்பக்கம். குழந்தைகள் பகுதியில் இருக்கிறது, ஆனால் எடுத்துப் போகிறவர்கள் பாதிப்பேர் ஆசிரியர்கள். ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கும் இடம் பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது. தலைமையாசிரியர் அந்தச் சிறுமி பேசுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் இடத்தைப் பெரியவர்கள்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அதற்கு இப்போது இரண்டு பிரதி, இரண்டு பகுதியிலும். பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்த பிறகு நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த சின்னப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. ஒரு பக்கத்தில் எத்தனை வரி இருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். “இது ‘பற’ அக்கா, என் தம்பிக்கு வேணாம்” என்று அக்காக்காரி திருப்பி வைத்தாள். எந்தப் பதிப்பாளரின் வயது முத்திரையை விடவும் நான் அவளை நம்புவேன்.

நோட்டில் எழுதும் முறையைக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் போடுவதில்லை. பெயரும் வேண்டாம், மதமும் கேட்பதில்லை. ‘பாராயணத்துக்கு’, ‘தேர்வுக்கு’, ‘பேத்திக்கு’, ‘பெயர் கேள்விப்பட்டு’ என்று எதற்காக எடுத்தார் என்பதை முதலில் எழுதுகிறேன், அப்புறம் எந்தப் பதிப்பு, எதுவரை, அவர் வாயால் சொன்ன ஒரு வரி. கருத்தோடு ஆளும் தெரிய வேண்டும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு பட்டியல் போட்டார். பக்தி நூல், இலக்கணம், திருக்குறள், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கொன்றை வேந்தன், உலக நீதி என்று நூற்றுக்கும் மேற்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் தன் கருத்தோடு. இன்று அதைப் படிக்கிறவர்கள் யாரும் அவர் பாதிரியார் என்பதை மறந்துவிட்டுப் படிப்பதில்லை. மறக்காமல் படித்தால், அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரையில் என்னென்ன நூல்கள் புழங்கின என்று தெரிகிறது. யார் சொன்னது, எதற்காகப் படித்தவர் சொன்னது என்பது இல்லாத கருத்தை முந்நூறு வருடம் கழித்து ஒருவரும் தேட மாட்டார்கள், மூன்று மாதம் கழித்து எனக்கே பயன்படாது.

எல்லாம் ஒன்றுசேரும் இடம் குழந்தைகளுக்கான மதக் கதைகள். நாயன்மார் கதை, பைபிள் கதை, நபிமார் கதை, புத்தர் ஜாதகக் கதை என்று எங்களிடம் ஒரே தட்டில் இருக்கின்றன. ஓர் அப்பா வந்து, பிள்ளைகள் குழம்பிப் போவார்கள், தனித்தனியாக வையுங்கள் என்றார். கூட்டத்தில் பேசினோம், பிரிப்பதில்லை என்று முடிவு. அவரிடம் அதைச் சொல்லிவிட்டு, நீங்களே பையனோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், பிடிக்காததைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். இப்போது வாரம் இரண்டு எடுத்துப் போகிறார், எல்லாத் தட்டிலிருந்தும் அல்ல, பரவாயில்லை. கடைசியாக அவர் கொண்டுவந்த புகார் அப்பர் கதையில் ஒரு படத்தைப் பற்றியது. கையில் உழவாரம் இல்லை, வெறும் தடி மாதிரி ஏதோ வரைந்திருக்கிறார்கள், கூட இருந்து பார்த்த பையனே கேட்டுவிட்டானாம். பக்க எண்ணையும் அவரே குறித்துக்கொண்டு வந்திருந்தார். பதிப்பாளருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறோம்.